லாரி பிரேக், ஸ்டீயரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

சங்ககிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். ஏர் பிரேக், ஸ்டீயரிங், எடையைத் தாங்கும் கமான் பட்டை, இவ்வளவுதான் என் வேலை. வண்டிக்கு அடியில் போகுமுன் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். இதைப் பல தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணே, டாரஸ் வண்டி. பிரேக் அடித்தால் முன்னால் இடது பக்கம் இழுக்கிறது. இடதில் புது லைனர் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் தகடு) போட்டும் அதேதான்.

இடதில் மட்டும் போட்டீர்களா? அதனால் இழுப்பு கூடத்தான் செய்யும். வண்டி இடதில் இழுத்தால் பெரும்பாலும் வலதுதான் பிடிக்கவில்லை. நிறைய பேர் இழுக்கிற பக்கத்தையே பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி லைனர், ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும்.

முதலில் இதைச் செய்யுங்கள். கட்டை போட்டு, ஏர் முழுசாக ஏறியதும் இன்ஜினை நிறுத்துங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏர் போய் அழுத்தும் டப்பாதான் சேம்பர். அதிலிருந்து வெளியே வரும் புஷ் ராடில், சேம்பர் வாயை ஒட்டி சாக்பீஸால் ஒரு கோடு. கிளீனரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று டேப்பால் அளந்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். வலதில் நீளமாக வந்தால், புஷ் ராடோடு சேர்ந்து பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கிறது. அளவு ஒன்றாக வந்தும் பிடிக்கவில்லையா, டிரம்மைக் கழற்றுங்கள். கிரீஸை அடைத்து வைக்கும் ஹப் சீல் போய் லைனரில் கிரீஸ் ஏறியிருக்கலாம். அதைப் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டாதீர்கள். சூடு ஏறினால் உள்ளே ஊறியது திரும்பக் கசியும்.

கேள்வி: ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டரை அடிக்கடி ஸ்பேனர் போட்டு டைட் வைக்கலாமா?

கூடாது. அது தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய சாமான். திரும்பத் திரும்பத் தளர்ந்தால் லைனரை விரிக்கும் கேம் தண்டின் புஷ், பின் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அட்ஜஸ்டரையே மாற்றுங்கள்.

கேள்வி: தொப்பூர் கணவாய் இறங்கும்போது பாதியிலேயே லைனர் வாடை. அப்புறம் பெடலை மிதித்தாலும் பிடிப்பு இல்லை. மேலே கிளம்பும்போது பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். சூடு ஏறினால் டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். அந்த இடைவெளியை நிரப்பப் புஷ் ராடு இன்னும் நீள வேண்டும். ஏற்கெனவே தளர்வாக இருந்தால் ராடு சேம்பர் கடைசிக்கே போய் முட்டிவிடும், அதற்குமேல் எவ்வளவு மிதித்தும் பலனில்லை. லைனரும் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கும்.

கணவாய் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறையுங்கள். அந்த மேட்டை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதில் இறங்குங்கள். இன்ஜின் புகையை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு விடுங்கள். பெடலில் காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் ஏறினால் நன்றாக மிதித்துப் பத்து கிலோமீட்டர் குறைத்து, விட்டுவிடுங்கள். 40-ல் வரும் வண்டியை நிறுத்துவதைவிட 60-ல் வருவதை நிறுத்த டிரம் இரண்டே கால் மடங்கு சூட்டை வாங்க வேண்டும்.

கேள்வி: நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமாமே?

இல்லை. காமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் இன்ஜினில், கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசலே போகாது. நியூட்ரலில் ஐடிலிங்குக்கு டீசல் எரியும்.

கேள்வி: என்னுடையது பழைய பம்ப் வண்டி. நியூட்ரலில் மைலேஜ் கண்ணால் பார்க்கிறேன். பட்டறையில் உட்கார்ந்து பேசாதீர்கள்.

பழைய பம்பிலும் டீசலை அளந்து விடும் கவர்னர் அதே வேலையைச் செய்யும். லேசான சரிவில் நியூட்ரலில் கொஞ்சம் தூரம் கூடுதலாக உருளும், மறுக்கவில்லை. ஆனால் தொப்பூரில் வண்டி உருளவில்லை என்று யாராவது கவலைப்பட்டார்களா? நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது. வேகம் பிடித்தபின் கியரும் விழாது.

கேள்வி: சார், முதலாளி டிரிப்புக்கு இவ்வளவுதான் டீசல் என்று தருகிறார். மிச்சம் எங்களுக்கு. வேறு என்ன செய்வது?

இது நியாயமான பேச்சு. அப்படிக் கணக்கு வைக்கிற முதலாளியும் சேர்ந்துதான் வண்டியை நியூட்ரலில் தள்ளுகிறார். கணவாய் இருக்கிற ரூட்டுக்கு டீசலைக் கூட்டிக் கொடுக்கட்டும். டிரைவரை மட்டும் திட்டுவது எனக்குப் பிடிக்காது.

கேள்வி: இன்ஜினையே ஆஃப் செய்து நியூட்ரலில் இறக்கினால்?

பவர் ஸ்டீயரிங் போகும், கம்ப்ரஸர் நிற்கும், ஒவ்வொரு மிதிக்கும் ஏர் குறையும். அடுத்த கேள்வி.

கேள்வி: இரண்டு டன் கூடுதலாக ஏற்றுகிறோம். பின்னால் இரண்டு கமான் பட்டை சேர்த்தால் ஆட்டம் நிற்குமா?

2018-ல் இரண்டு அச்சு வண்டிக்கு மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 ஆக்கினார்களே, அதற்கும் மேலா? பட்டை சேர்த்தால் எடை தாங்குகிற மாதிரி தெரியும். ஆனால் உங்கள் வண்டியில் லோடு சென்சிங் வால்வு இருந்தால், அது சேஸிஸ் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துத்தான் பின் பிரேக்குக்கு ஏர் அளக்கிறது. பட்டை கூடினால் சேஸிஸ் அவ்வளவாக அமுங்காது. வண்டி காலி என்று நினைத்து வால்வு ஏரைக் குறைக்கும். முழு லோடில் குறைந்த பிரேக். பட்டறைக்காரர் பட்டையைச் சேர்த்துவிட்டு வால்வு லிங்க்கைத் தொடமாட்டார். ஆட்டத்துக்குப் பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட், சென்டர் போல்ட், முன் சக்கரம் திரும்பும் கிங்பின் பாருங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸ் கிளெய்ம்...

ஏஜென்டைக் கேளுங்கள்.

கேள்வி: ஏர் டேங்கைத் திறந்தால் பால் மாதிரி தண்ணீர் வருகிறது.

தண்ணீரோடு ஆயில் கலந்திருக்கிறது. கம்ப்ரஸர் ரிங் பாருங்கள், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். தினமும் டேங்கைத் திறந்து தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: நியூட்ரலில்...

மேலே படியுங்கள் தம்பி.

கேள்வி: பின் சேம்பரில் ஏர் கசிகிறது. நானே பிரிக்கலாமா?

பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங் இருக்கிற சேம்பரா? பிரிக்கவே கூடாது. அமுக்கி வைத்த அந்த ஸ்பிரிங் கிளாம்ப்பைத் தளர்த்தியதும் ஆளைக் கொல்லும் வேகத்தில் பாயும். ரிலீஸ் போல்ட் போட்டு ஸ்பிரிங்கைப் பிடித்து, முழு சேம்பராக மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். போல்ட் போட்டால் பார்க்கிங் பிரேக் பிடிக்காது. ஆகவே அதற்கு முன்பே கட்டை.