சுங்கத் துறையிடம் உள்ள பயண விவரங்கள் யாருக்குப் போகலாம்?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது சுங்க அதிகாரிகள் என்னைத் தனியே அழைத்து, என் முந்தைய பயணங்களையும், டிக்கெட்டுக்கு யாருடைய கார்டில் பணம் கட்டப்பட்டது என்பதையும் அவர்களே சொல்லி விசாரித்தனர். பெட்டியில் எதுவும் கிடைக்காததால் அனுப்பிவிட்டனர். சில நாட்களில், நான் பணிபுரியும் தனியார் நிறுவனம் இந்தச் சோதனையைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியது. இது சட்டப்படி சரியா? என் விவரங்களை அழிக்கச் சொல்லலாமா?

பதில்: உங்கள் பயண விவரங்கள் அதிகாரிகளிடம் இருந்ததில் சட்டமீறல் இல்லை. சுங்கச் சட்டம், 1962-இன் 30ஏ, 41ஏ பிரிவுகளும், அவற்றையொட்டி 2022-இல் வந்த பி.என்.ஆர். (பயணியின் முன்பதிவு விவரப் பதிவு) ஒழுங்குமுறைகளும், பயணத்திட்டம், பணம் செலுத்திய விதம், பயண முகவர், பெட்டிகள் உள்ளிட்ட விவரங்களை விமான நிறுவனங்கள் சுங்கத் துறைக்குத் தர வேண்டும் என்கின்றன. இவை 5 ஆண்டுகள் வைத்திருக்கப்பட்டு, பிறகு அடையாளம் நீக்கப்படும். குறிப்பிட்ட வழக்கு அல்லது அச்சுறுத்தல் தொடர்பாகத் தேவைப்பட்டால் அடையாளத்தை மீண்டும் சேர்க்கவும் வழி உண்டு. எனவே இப்போதே அழிக்கச் சொல்லி மனுப் போடுவதில் பலன் இருக்காது என்பதே என் கருத்து. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பயன்படும் தரவுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

பகிர்வதற்கும் அந்த ஒழுங்குமுறைகளில் இடம் இருக்கிறது. ஆனால் அது இந்தியாவிலோ பிற நாடுகளிலோ உள்ள சட்ட அமலாக்க அமைப்புகளுக்கும் அரசுத் துறைகளுக்கும், குற்றங்களைத் தடுக்கவோ விசாரிக்கவோ செய்யப்படும் பகிர்வு மட்டுமே. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம் ஆகியவற்றை வெளிப்படுத்தும் வகையில் இந்த விவரங்களை அலசுவதற்குத் தடையும் உண்டு. தனியார் முதலாளி இந்த வட்டத்துக்குள் எங்கும் வரமாட்டார்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த மின்னஞ்சல்தான், அதை அழித்துவிடாதீர்கள். அதில் பயணத் தேதியோ, கார்டு விவரமோ, விசாரணையில் நீங்கள் சொன்ன பதிலோ இடம்பெற்றிருந்தால், தகவல் உள்ளிருந்து கசிந்தது என்று வாதிட அது உதவும். வெறுமனே 'உங்களைச் சோதித்தார்களாமே' என்றிருந்தால், உடன் வந்த பயணி சொல்லியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு தப்பித்துக்கொள்ளும். தகவல் எவ்வழியில் வந்தது என்று நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, அந்தப் பதிலையும் இணைத்துச் சுங்க ஆணையரிடம் புகார் கொடுங்கள். அலுவல் தகவலை அனுமதியின்றி வெளியிடுவதை மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964-இன் 11-ஆவது விதி தடைசெய்கிறது. புகாரின் மீது நடவடிக்கை இல்லையெனில், அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக உறுதிப்படுத்திய 2017-ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.