முதல் நாளே உரியும் டிரில் கோட்டிங்: சி.வி.டி. போட்டால் தீருமா?

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டிரில், மரை வெட்டும் டாப் இரண்டையும் ரீகிரைண்ட் செய்து (மறுபடி தீட்டி) பி.வி.டி. என்ற மெல்லிய கடினக் கோட்டிங்குக்கு அனுப்புகிறோம். சிலது முதல் நாளே உரிந்துவிடுகிறது. இன்சர்ட்டில் (மாற்றிப் போடும் வெட்டு முனையில்) இருப்பதுபோல சி.வி.டி. போட்டால் கெட்டியாக நிற்குமா?”

வேண்டாம். சி.வி.டி. என்பது வாயு வினையால் படலம் போடும் முறை; அதன் அறையில் சூடு 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவி மற்ற வாயுக்களோடு வினைபுரிந்து டூல் மேல் படிவதற்கு அந்தச் சூடு வேண்டும். இன்சர்ட் செய்யப்படும் கார்பைடு அதைத் தாங்கும். ஹெச்.எஸ்.எஸ். டெம்பர் ஆனதே (கடினமாக்கியபின் சூடாக்கிப் பதப்படுத்தியதே) ஏறக்குறைய 550 டிகிரியில். அதை அந்த அறைக்குள் வைத்தால் கடினம் போய்விடும். மறுபடி ஹார்டனிங் செய்தால் அளவு மாறும். டாப்பில் அளவு மாறினால் மரையே போச்சு. பி.வி.டி.யில் டைட்டானியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கி நைட்ரஜனோடு சேர்த்துப் படியவைக்கிறார்கள். வேலை 500 டிகிரிக்குள் முடிந்துவிடும். உங்களுக்கு அதுதான் சரி.

சி.வி.டி. படலம் தடிமன்தான்: 5 முதல் 20 மைக்ரான் வரை போகும்; பி.வி.டி. பெரும்பாலும் 2 முதல் 5. ஆனால் தடித்த படலத்துக்கு வெட்டு விளிம்பைச் சற்று மழுக்க வேண்டும். வார்ப்பிரும்பை லேத்தில் கடையும் கார்பைடு இன்சர்ட்டுக்கு அது பரவாயில்லை. அலுமினா அடுக்குள்ள சி.வி.டி. அங்கே அருமையாக உழைக்கும். டிரில்லுக்குக் கூர்மைதான் உயிர்.

சரி, ஏன் உரிகிறது? நான் முதலில் சந்தேகப்படுவது கிரைண்டிங்கை. மழுங்கிய வீலில் அழுத்தித் தீட்டினால் விளிம்பின் மேல்தோல் வெந்துபோகும். அதன்மேல் 3 மைக்ரான் படலம் போடுவது ஈரச் சுவரில் பெயின்ட் அடித்த கதைதான். அடுத்தது, தீட்டும்போது விளிம்பில் நின்றுவிடும் பிசிறு. கோட்டிங் அதன் மேலும் படியும். முதல் துளையிலேயே பிசிறு முறிந்து, படலத்தையும் பிய்த்துக்கொண்டு போய், விளிம்பை வெறுமையாக்கிவிடும். நீராவியில் கருக்கிய டூல் என்றால் அந்தக் கறுப்பு ஆக்சைடை முழுக்க எடுத்தாக வேண்டும். பழைய கோட்டிங்கை நீக்காமல் திரும்பத் திரும்பப் போட்டாலும் தடிமன் ஏறி உரியும்.

இன்னொன்று: பிரேசிங் செய்த (பற்றுலோகத்தை உருக்கி ஒட்டிய) டூலை அனுப்பினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பற்றில் துத்தநாகமோ காட்மியமோ இருந்தால் வெற்றிடத்தில் ஆவியாகி, கூட இருக்கும் மற்றவர்கள் டூலையும் கெடுத்துவிடும்.

அடுத்த லாட்டில் ஐந்து டிரில்லை மட்டும், புதிதாக டிரெஸ் செய்த (மேற்பரப்பைச் சீவிக் கூராக்கிய) வீலில், கூலன்ட் தாராளமாக விட்டு, கடைசி பாஸை மிக லேசாக எடுத்துத் தீட்டுங்கள். பிசிறை நீக்கி, பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள்; நீலமோ பழுப்போ தெரிந்தால் விளிம்பு வெந்திருக்கிறது, அனுப்பாதீர்கள். அந்த ஐந்தையும் தனியாகக் குறித்து, அதே கோட்டிங் போட்டு, அதே வேலையில் ஓட்டிப் பாருங்கள்.