கடையின் சொந்தப் பாக்கெட்டா, பெயர்பெற்ற நிறுவனமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (வடசேரி): சூப்பர் மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்கும் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய், பிரபல நிறுவனத்தின் ஒரு கிலோ பாக்கெட்டைவிட விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: இரண்டும் ஒரே அளவு அல்ல. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடை சுமார் 910 முதல் 920 கிராம் வரைதான் என்பதால், கிலோ பாக்கெட்டில் ஏறத்தாழ 80, 90 கிராம் கூடுதலாக இருக்கிறது; இரண்டின் விலையையும் எடையால் வகுத்த பிறகே எது மலிவு என்று சொல்ல முடியும். அடுத்து, உட்பொருள் பட்டியலில் தேங்காய் எண்ணெய் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தாவர எண்ணெய்களை, ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் கலந்து, கலப்பு என்று குறித்து விற்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே முகப்பில் உள்ள தேங்காய்ப் படம் எதற்கும் சான்றாகாது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லாத புட்டியை, அது எவ்வளவு புகழ்பெற்ற பெயரில் வந்தாலும், சமையலுக்கு எடுக்காதீர்கள்.

இவை சமமாக இருந்தால் மிஞ்சுவது மணம். சுத்திகரித்த எண்ணெயில் கொப்பரை மணம் பெரும்பாலும் நீங்கிவிடும். பொரிப்பதற்கு அது குறையில்லை. ஆனால் அவியலை இறக்கியதும் மேலே ஊற்றும் பச்சை எண்ணெய்க்கு மணம்தான் எல்லாம். அதற்கு மட்டும் இவ்விரண்டையும் விட்டு, நன்கு அறிந்த செக்கில் ஆட்டிய எண்ணெயையே வாங்கச் சொல்வேன்.

கேள்வி (திங்கள்சந்தை): உப்பு, சர்க்கரை?

பதில்: தயக்கமின்றி மலிவானதை வாங்குங்கள். உப்பில் அயோடின் சேர்த்ததா என்பது மட்டுமே முக்கியம். விற்பனை நிலையில் அது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையக் கூடாது என்ற விதி எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். புத்தளத்து உப்பளக் கல்லுப்பு ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நல்லது என்றாலும், அன்றாடக் குழம்புக்கு அயோடின் உப்பே வேண்டும்.

கேள்வி (மார்த்தாண்டம்): கடைப் பாக்கெட்டும் பெரிய நிறுவனத்தின் பாக்கெட்டும் ஒரே ஆலையில்தான் தயாராகின்றன என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒரே ஆலை என்பது பல பொருள்களில் உண்மையாக இருக்கக்கூடும், பாக்கெட்டின் பின்புறம் தயாரித்தவர், விற்பனை செய்பவர் என இரண்டு முகவரிகள் தனித்தனியாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஆலை ஒன்றானால் கலவையும் ஒன்றாக வேண்டியதில்லை, ஏனெனில் ஆர்டர் கொடுப்பவர் கேட்ட விகிதத்தில்தான் ஆலை கலந்து தருகிறது. இதற்குக் காப்பித்தூளே சிறந்த சான்று. சிக்கரி கலந்த காப்பியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. ஆகவே 80க்கு 20 கலந்த தூளும் 53க்கு 47 கலந்த தூளும் ஒரே கூரையின் கீழிருந்து சட்டப்படி வெளிவர முடியும். அந்த விகிதம் பாக்கெட்டில் அச்சிடப்பட்டே இருக்கும். காப்பி குறைவான தூளுக்குக் குறைந்த விலை கொடுப்பதைச் சிக்கனம் என்று நான் கருதமாட்டேன்.

கேள்வி (தக்கலை): மீன் மசாலாவுக்குப் பெயர்பெற்றதே நல்லதா?

பதில்: உட்பொருள்கள் எடை மிகுந்ததில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுதப்பட வேண்டும். மிளகாயும் மல்லியும் முன்னே நிற்க, உப்பும் மாவும் பின்னே இருந்தால் எந்தப் பெயரானாலும் சரி. உப்பு முன்னேறி நின்றால் மசாலா விலையில் உப்பு வாங்குகிறீர்கள். பாக்கெட் செய்த தேதியையும் பாருங்கள். விற்பனை மந்தமான கடையில் மாதக்கணக்கில் கிடந்த பெயர்பெற்ற மசாலாவைவிட, வேகமாக விற்றுத் தீரும் கடைப் பாக்கெட்டில் மணம் கூடுதலாக இருக்கும்.

கேள்வி (குளச்சல்): கடைப் பாக்கெட்டில் எடை குறைந்தால் யாரிடம் சொல்வது?

பதில்: ரசீதையும் பிரிக்காத மற்றொரு பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் கேளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், எடையளவுச் சட்டத்தைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலோ புகார் தரலாம்.