தமிழ்வழியில் படிக்கும் என் 14 வயது மகன் வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் கற்க என்ன வழி? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா?

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வராமல் அவன் எதில் மூழ்கிக் கிடக்கிறான்? நான் மூழ்கிக் கிடந்தது கிரிக்கெட் வர்ணனையில்.

நானும் தமிழ்வழிதான். அருப்புக்கோட்டைப் பக்கம் அரசுப் பள்ளி. வீட்டில் டிவி இல்லை, அப்பாவின் டிரான்சிஸ்டர் உண்டு. ஆகாசவாணியில் வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி வரும். இந்தி சுத்தமாகப் புரியாது. ஆங்கிலத்தில் பெயரும் ரன்னும் மட்டும் பிடிபடும். காதில் விழுந்ததை எல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் கிறுக்கி வைப்பேன். மறுநாள் டீக்கடை தினத்தந்தியின் விளையாட்டுப் பக்கம்தான் எனக்குக் கோனார் உரை.

'வெல் லெஃப்ட்' என்று அடிக்கடி சொல்வார்கள். வெல் என்றால் கிணறு, லெஃப்ட் என்றால் இடது. மைதானத்தில் இடப்பக்கம் ஒரு கிணறு இருக்கிறது, பந்து அங்கே போய்விடுகிறது என்று ரொம்ப நாள் நம்பினேன். சிரிக்காதீர்கள். 1999 ஜனவரியில் பாகிஸ்தானுடன் சேப்பாக்கம் டெஸ்ட். அங்கேயும் 'வெல் லெஃப்ட்' வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது: எல்லா ஊர் மைதானத்திலுமா கிணறு இருக்கும்? லீவ், லெஃப்ட், லெஃப்ட் என்று பிரம்புக்குப் பயந்து ஒப்பித்தது அப்போதுதான் உறைத்தது. பந்தை அடிக்காமல் விட்டார், நன்றாகவே விட்டார். அவ்வளவுதான்!

அந்த டெஸ்டில் 271 இலக்கு. 136 எடுத்த சச்சின் அவுட்டானபோது இன்னும் 17 ரன் தேவை. மீதி மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் போயின. அன்று ராத்திரி நோட்டைத் திறக்கவே இல்லை.

வர்ணனை கேட்டால் பேச்சும் வந்துவிடும் என்று சொல்லவில்லை. முதல் வேலைக்கான நேர்முகத்தில் கேட்டதெல்லாம் புரிந்தது, வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பேசிப் பழக ஆள் வேண்டும், அதற்கு வகுப்பு உதவலாம். ஆனால் காது முதலில் பழகட்டும். அவன் பார்க்கும் யூடியூபோ கேமோ, எதுவானாலும் தமிழ் டப்பிங்கை நிறுத்திவிட்டு ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் கேட்டுக் கெட்டுப்போனவர்களும் உண்டே என்று யாராவது கிளம்புவீர்கள். உண்டு, எங்கள் வீட்டிலேயே உண்டு. 2003 உலகக் கோப்பை சமயம், ஒரே வாரம் என்று சொல்லி அந்த டிரான்சிஸ்டரை வாங்கிக்கொண்டு போனார் சித்தப்பா. போன தீபாவளிக்குக்கூடக் கேட்டுப் பார்த்தேன். "எந்த ரேடியோடா?" என்கிறார்.