களஞ்சியத்தை நிறுத்தக் கிரேன் பிடிக்குமுன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பு 100 தொன் நெல் கொள்ளும் இரும்புத் தகட்டுக் களஞ்சியம் ஒன்றையும் நெல் உலர்த்தி ஒன்றையும் வாங்கியிருக்கிறது. அவற்றை நிறுத்துவதற்குக் கொழும்பிலிருந்து 25 தொன் கிரேன் ஒன்றை வாடகைக்கு எடுக்கும்படி சொல்கிறார்கள். வெறுங்களஞ்சியம் மூன்று தொன்கூட இல்லையே, சிறிய கிரேன் போதாதா? நிலத்தின் வரைபடத்தை இணைத்துள்ளேன்.
— கமக்காரர் ஒருவர், கிளிநொச்சி

பதில்: கிரேனின் பெயரோடு வரும் 25 தொன் என்ற எண், அது எங்கே நின்றாலும் 25 தொன்னைத் தூக்கிவிடும் என்று பொருள்படாது. நெல் மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறவரால் அதையே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கிரேனுக்கும் அதே கதிதான். அது சுழலும் மையத்திலிருந்து கொளுக்கிவரையுள்ள கிடைத்தூரம் மூன்று மீற்றர் அளவில் இருக்கும்போதுதான் அந்த 25 தொன் செல்லுபடியாகும். 10 மீற்றரில் அது ஏழெட்டுத் தொன்னாகவும், 20 மீற்றரில் ஏறத்தாழ இரண்டு தொன்னாகவும் இறங்கிவிடும். கிரேனின் வகைக்கேற்ப இந்த அளவு மாறுமென்பதால், ஓட்டுநரின் அறையில் இருக்கும் பார அட்டவணையை வாங்கிப் பார்க்காமல் எந்தக் கிரேனையும் அமர்த்த வேண்டாம். கொளுக்கிக் கட்டை, சங்கிலி, தூக்குச் சட்டம் ஆகியவற்றின் நிறையும் தூக்கும் பாரத்தில் சேரும்.

இப்போது உங்கள் வரைபடத்துக்கு வருவோம். 100 தொன் நெல்லுக்கு ஏறத்தாழ 170 கன மீற்றர் இடம் வேண்டும். அதாவது ஆறு மீற்றர் விட்டமும் ஆறு மீற்றர் சுவர் உயரமும் கொண்ட களஞ்சியம். கிரேனின் கால்கள் விரிவதற்கும் சுவரில் அதன் கை முட்டாமல் இருப்பதற்கும் இடம் விட்டால், களஞ்சியத்தின் நடுப்பகுதியே கிரேனின் மையத்திலிருந்து ஒன்பது பத்து மீற்றர் தள்ளிப் போய்விடுகிறது. உலர்த்திக்கு நெல் ஏற்றும் வாளி ஏற்றியை நீங்கள் களஞ்சியத்துக்குப் பின்னால் குறித்திருக்கிறீர்கள். அதற்குத் தூரம் 15 மீற்றரைத் தாண்டும். ஆகவே பெரிய கிரேனைக் கேட்க வைப்பது களஞ்சியத்தின் நிறையன்று, வாளி ஏற்றி நிற்கும் இடம்தான். அதை உலர்த்தியின் பாதைப் பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று விற்றவர்களிடம் கேளுங்கள். முடியுமானால் உங்கள் வாடகைச் செலவு கணிசமாகக் குறையும்.

களஞ்சியத்துக்குக் கிரேனே தேவையில்லை என்பது என் எண்ணம். முதலில் கூரையையும் மேல் வளையத்தையும் நிலத்தில் வைத்துப் பூட்டி, சுற்றிலும் ஜாக்குகளை நிறுத்திச் சமமாக உயர்த்தி, அடுத்த வளையத்தை அதன் கீழே பூட்டிக்கொண்டே போகலாம். வேலையாட்கள் உயரத்தில் ஏற வேண்டியதில்லை. எல்லா ஆணிகளும் நெஞ்சு உயரத்தில்தான் பூட்டப்படும். இதையே கிரேனில் தொங்கவிட்டுச் செய்யும் வழக்கமும் உண்டு. தொங்கும் பாரத்தின் கீழ் மனிதர் நின்று ஆணி பூட்டும் அந்த முறைக்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். முழுதாகப் பூட்டிய களஞ்சியத்தைக் கிரேனால் தூக்கி அத்திவாரத்தில் வைப்பதானால், கூரை உச்சி வளையத்தில் மட்டும் சங்கிலியை மாட்டக்கூடாது. பாரம் சுவர்களுக்குப் பகிரும் வகையில் தூக்குச் சட்டம் வேண்டும்.

நிலத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. கிரேனும் பாரமும் சேர்ந்து 30 தொன் என்று கொள்வோம். பாரம் ஒரு மூலைக்குத் திரும்பும்போது, அந்த ஒரு காலில் மட்டும் 15 தொன்னுக்கு மேல் இறங்கலாம். காலடித் தட்டு 40 சென்ரிமீற்றர் சதுரமென்றால், சதுர மீற்றருக்கு 90 தொன்னுக்கு மேல் அழுத்தம் விழும். ஈரமான வயற்களிக்கு ஐந்து பத்துத் தொன்னே அதிகம். ஒன்றரை மீற்றர் சதுரமான தடித்த பலகைத் தளத்தைக் காலுக்குக் கீழே கொடுத்தால், அழுத்தம் ஏழு தொன்னளவுக்கு இறங்கும். அப்போதும் கிறவல் போட்டு இறுக்கிய நிலமாக இருப்பதே நல்லது.

பல ஆண்டுகளுக்கு முன் கிழக்கில் ஓர் அரிசி ஆலை முற்றத்தில், சிலிப்பர்க் கட்டை இரண்டின்மேல் கிரேன் காலை ஊன்றி வேலை தொடங்கினார்கள். பாரம் நிலத்தை விட்டு ஓரடி எழும்பியதும், ஒரு கட்டையின் விளிம்பைச் சுற்றிச் சேற்றுநீர் குமிழிட்டுக் கசிவதைக் கண்டேன். கட்டை விரலளவுதான் தாழ்ந்திருந்தது. மேலே பார்த்தபோது கிரேனின் கை பக்கவாட்டில் ஒரு முழம் சரிந்திருந்தது. உடனே இறக்கச் சொன்னதால் ஒருவருக்கும் காயமில்லை. வாளி ஏற்றிக்கு வெட்டும் குழியின் ஓரத்திலும் இதே ஆபத்து உண்டு. குழி எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளிக் காலை ஊன்றச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலை வளவின் ஓரமாக 33 கிலோவோற்று மின்கம்பி போகிறது. கிரேன் ஓட்டுநர், கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அது போதுமா?
— ஆலை நடத்துபவர், அக்கரைப்பற்று

பதில்: போதாது. அந்த அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டுமென்ற கட்டாயமில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். கிரேனின் கை, கம்பிவடம், பாரம் ஆகிய மூன்றில் எதுவும் எந்த நிலையிலும் கம்பியிலிருந்து ஆறு மீற்றருக்குள் வராதபடி நிலத்தில் எல்லைக்கோடு கீறுங்கள். அதற்கு இடமில்லையென்றால், பிரதேச மின்சார அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, அந்த நாளுக்கு மின்னைத் துண்டித்துத் தரச்சொல்லுங்கள். ஓட்டுநருக்குத் தூரம் சரிவரத் தெரியாது. ஆகவே கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை நிறுத்துங்கள், அவருக்கு வேறெந்த வேலையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் உலர்த்தியைத் தூக்கியபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது; மேற்சட்டமும் வளைந்துவிட்டது. சங்கிலிகள் இரண்டு தொன் தாங்குபவை, உலர்த்திப் பகுதியும் இரண்டு தொன்தான். பிழை எங்கே?
— வாசகர், மன்னார்

பதில்: இரண்டு பிழைகள் நடந்திருக்கலாம். சங்கிலியிரண்டும் நிலமட்டத்துக்கு 60 பாகைச் சரிவில் நின்றால், ஒவ்வொன்றும் பாரத்தின் 58 சதவீதத்தைத் தாங்கும். கிரேனின் உயரம் போதாமல் சங்கிலியைக் குட்டையாக்கி 30 பாகைக்குப் படுக்க வைத்தால், ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்க நேரும். அத்துடன் இரண்டும் சட்டத்தை உள்நோக்கி நெருக்கும். வளைவு அதனால் வந்திருக்கும். சாய்ந்ததற்கான காரணம் வேறு. காற்றாடியும் மோட்டாரும் ஒரு பக்கத்தில் இருப்பதால், உலர்த்தியின் பாரமையம் நடுவில் இராது. அடுத்த முறை 20 சென்ரிமீற்றர் மட்டும் உயர்த்திச் சில நிமிடம் பிடித்து வைத்துப் பாருங்கள். சாய்ந்தால் இறக்கிவைத்து, பாரமான பக்கத்தை நோக்கிக் கொளுக்கியை நகர்த்துங்கள். வளைந்த சட்டத்தைத் தட்டி நிமிர்த்திப் பாவிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வவுனியாவிலுள்ள எங்கள் குடும்ப வயலில் அண்ணா களஞ்சியம் கட்டப் போகிறார். பணம் அனுப்புவது நான். எந்த மாதத்தில் கிரேனைப் பிடிப்பது நல்லது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெப்ரவரி, மார்ச்சில் வரும் காலபோக அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெட்டு இயந்திரத்திலிருந்து வரும் நெல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். சேமிக்க அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஆகவே முதல் மூட்டை வருமுன்பே உலர்த்தி ஓடிப் பழகியிருக்க வேண்டும். மழை தொடங்கினால் நவம்பரிலிருந்து நிலம் கிரேனைத் தாங்காது. அதனால் செப்டெம்பருக்குள் தூக்கும் வேலை முடிய வேண்டும். கொங்கிறீற்று முழுப் பலத்தை அடைய 28 நாள் ஆகும் என்பதால், அத்திவாரம் யூலை முடிவதற்குள் போடப்பட வேண்டும்.

அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். ஆறு மீற்றர் களஞ்சியம் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்றில் ஏறத்தாழ 200 கிலோகிராம் தள்ளுவிசை வாங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். விடியற்காலையில் காற்று அமைந்திருக்கும்போது தூக்குங்கள். அதற்குக் கிரேன் முதல் நாள் மாலையே வளவுக்குள் வந்து நின்றுவிட வேண்டும். ஒரு இரவு வாடகை கூடுதலாகும், அதைக் குறைக்க முயல வேண்டாமென்று அண்ணாவிடம் சொல்லுங்கள். களஞ்சியம் அத்திவாரத்தில் அமர்ந்ததும், ஒரு தேநீர் குடிக்கப் போகுமுன் எல்லா நங்கூர ஆணிகளையும் முறுக்கிவிடச் சொல்லுங்கள். நெல் நிறையும்வரை அது காற்றுக்கு வெறும் தகரப் பெட்டிதான்.