வேர்டில் முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3 என்றும் அமைப்பது எப்படி? புத்தகத்துக்கு மார்ஜின் எவ்வளவு விட வேண்டும்?

முன்னுரையில் எண்ணை ரோமனாக மாற்றினால் நூல் முழுவதும் ரோமனாகிவிடுகிறது என்றும், அத்தியாயத்தில் 1 என்று தொடங்கச் சொன்னால் முன்னுரையின் எண்ணும் மாறிவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேர்டில் பக்க எண்ணின் வடிவமும் தொடக்கமும் தனித்தனிப் பக்கத்துக்கு உரியவை அல்ல, ஆவணத்தை நாம் பிரித்துக்கொள்ளும் பகுதிக்கு, அதாவது செக்‌ஷனுக்கு உரியவை. உங்கள் ஆவணம் முழுவதும் ஒரே செக்‌ஷனாக இருக்கும்வரை அதற்குள் இரண்டு வகை எண்களை வைக்க இயலாது.

ஆனால் எண்ணைத் தொடுவதற்கு முன் தாள் அளவையும் மார்ஜினையும் முடித்துவிடுங்கள். ஏ4 தாளில் தட்டச்சு செய்த நூலை ஏ5 அளவுக்கு, அதாவது 148 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரத்துக்கு மாற்றும்போது ஒவ்வொரு பக்கமும் இடம் பெயரும். அதற்கு முன் செய்த எண் வேலையையெல்லாம் மறுபடி சரிபார்க்க நேரும். ‘லேஅவுட்’ பட்டியில் மார்ஜின் பெட்டியைத் திறந்து, ‘மல்டிபிள் பேஜஸ்’ என்ற இடத்தில் ‘மிரர் மார்ஜின்ஸ்’ என்பதைத் தேர்ந்தால், இடது, வலது என்றிருந்தவை உட்புறம், வெளிப்புறம் என்று மாறும். உட்புறம் என்பது நூல் தைக்கப்படும் அல்லது ஒட்டப்படும் பக்கம். பக்கங்களைப் பசையால் ஒட்டிக் கட்டிய நூல் முழுமையாக விரியாது என்பதால், பக்கங்கள் கூடக் கூட உட்புற மார்ஜினும் கூட வேண்டும். அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியின் விதி இதற்கு நல்ல அளவுகோல்: 150 பக்கம் வரை உட்புறம் குறைந்தது 0.375 அங்குலம், 151 முதல் 300 வரை 0.5, 301 முதல் 500 வரை 0.625, 501 முதல் 700 வரை 0.75. இவை இதற்குக் கீழே போகக் கூடாது என்ற எல்லைகளே தவிர, படிக்க வசதியான அளவுகள் அல்ல. ஏ5 நூலுக்கு நான் வழக்கமாக உட்புறம் 20 மி.மீ., வெளிப்புறம் 15, மேலே 18, கீழே 20 என்று வைப்பேன். ‘கட்டர்’ என்றொரு தனிப் பெட்டியும் இருக்கும். அதில் இடும் அளவு உட்புற மார்ஜினோடு கூட்டப்படும் என்பதால், அதைச் சுழியமாகவே விட்டுவிடுவது குழப்பத்தைக் குறைக்கும். பெட்டியை மூடும் முன், ‘அப்ளை டு’ என்ற இடத்தில் ‘ஹோல் டாக்குமென்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி செக்‌ஷன்கள். முதல் அத்தியாயத் தலைப்பின் முன்னால் கர்சரை வைத்து, ‘பிரேக்ஸ்’ பட்டியலில் ‘ஆட் பேஜ்’ (அடுத்த பகுதியை ஒற்றைப்படைப் பக்கத்தில் தொடங்கும்) வகைச் செக்‌ஷன் பிரேக்கைச் சேருங்கள். தலைப்புப் பக்கமும் பதிப்புரிமைப் பக்கமும் எண் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால், அவை முடியும் இடத்தில் இன்னொன்று. இவ்விரு பக்கங்களும் எண்ணிக்கையில் சேரும், அச்சில் மட்டும் எண் இராது என்பதே பதிப்பு மரபு. எனவே அடுத்து வரும் பொருளடக்கம் ரோமன் 3 என்று தொடங்கும். அந்தச் செக்‌ஷனில் எண் வடிவத்தை ரோமனாக மாற்றி, ‘முந்தைய செக்‌ஷனிலிருந்து தொடர்க’ என்ற தேர்வை அப்படியே விடுங்கள். அத்தியாயச் செக்‌ஷனில் சாதாரண எண்ணைத் தேர்ந்து, ‘ஸ்டார்ட் அட்’ பெட்டியில் 1 இடுங்கள்.

பலரும் சிக்கிக்கொள்வது இதற்கு அடுத்த படியில்தான். பக்கத்தின் அடிப்பகுதியான ஃபுட்டரை இருமுறை சொடுக்கித் திறந்தால் ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்ற பொத்தான் தெரியும். அது அழுத்தப்பட்டிருக்கும்வரை முந்தைய செக்‌ஷனின் ஃபுட்டரே இங்கும் வரும். எண் வெளி ஓரத்தில் வர ‘டிஃபரன்ட் ஆட் அண்ட் ஈவன்’ தேர்வையும், செக்‌ஷனின் முதல் பக்கத்தில் எண் மறைய ‘டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்’ தேர்வையும் போட்டிருந்தால், ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒற்றை, இரட்டை, முதல் பக்கம் என மூன்று ஃபுட்டர்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றுக்கும் இணைப்பு தனி. ஒற்றைப் பக்கத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு இரட்டைப் பக்கத்தை மறந்தால், பாதி எண்கள் சரியாகவும் பாதி தவறாகவும் தெரியும். பக்கத்தின் மேற்பகுதியான ஹெட்டரில் நூல் பெயர் இருந்தால் அங்கேயும் இதே வேலை உண்டு. முதலில் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, பிறகே எண்களைச் சேருங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் செக்‌ஷன் பிரேக் எங்கெங்கே உள்ளது என்று தெரியும். வேண்டாதது என்று நினைத்து அவற்றில் ஒன்றை அழித்துவிடாதீர்கள். ஒரு செக்‌ஷனின் அமைப்புகள் அதன் முடிவில் இருக்கும் பிரேக்கில்தான் சேமிக்கப்படுகின்றன. அதை அழித்தால் அந்தப் பகுதி அடுத்த செக்‌ஷனின் மார்ஜினையும் எண் வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

வேர்டுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரெஆபிஸ் பயன்படுத்துவோருக்குச் செக்‌ஷனுக்குப் பதிலாகப் பேஜ் ஸ்டைல், அதாவது பெயரிட்டு வைக்கும் பக்க அமைப்பு. முன்பக்கத்துக்கு ஒன்று, உள்பக்கத்துக்கு ஒன்று என உருவாக்கி, மேனுவல் பிரேக் இடும்போதே ஸ்டைலையும் தொடக்க எண்ணையும் குறிப்பிடலாம். எனக்கு இதுவே தெளிவான முறையாகப் படுகிறது.

எண் 1 எப்போதும் வலப்பக்கத்தில் வரும். முன்பக்கங்கள் ரோமன் 7 என்று முடிந்தால், இடையில் ஒரு வெற்றுப் பக்கம் தேவைப்படும். வேர்ட் அதைத் தானே சேர்த்துவிடும், ஆனால் தட்டச்சுத் திரையில் காட்டாது. பிடிஎஃப் ஆக்கிய பிறகுதான் அது கண்ணில் படும். லிப்ரெஆபிஸில், தானாகச் சேர்ந்த வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய் என்ற தேர்வைப் பிடிஎஃப் பெட்டியில் நாமே குறிக்க வேண்டும். தவறினால் அதன் பின் வரும் பக்கங்களெல்லாம் இடம் மாறி, உட்புற மார்ஜின் வெளிப்புறம் போய்விடும். பிடிஎஃப் காட்டியில் இரு பக்கக் காட்சியைத் தேர்ந்து, முதல் பக்கம் தனியாக நிற்கும்படி வைத்துப் பாருங்கள். அகலமான மார்ஜின்கள் இரண்டும் நடுவில் சேர்ந்தால் அமைப்பு சரி.

கடைசியாகப் பொருளடக்கம். மார்ஜின் மாறியதும் அதிலுள்ள எண்கள் தாமாக மாறா; அதன்மேல் வலது சொடுக்கிட்டு, பட்டியல் முழுவதையும் புதுப்பிக்கச் சொல்ல வேண்டும். அப்போது பொருளடக்கமே ஒரு பக்கம் நீண்டாலும் ரோமன் எண்கள் மட்டுமே நகரும். அத்தியாயங்களின் எண் அப்படியே இருக்கும்.