புள்ளி இல்லாத ஓவியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னில் வசிக்கிறேன். இங்கே ஒரு கலைக்கூடத்தில் சாலி கபோரி என்ற ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண்ணின் ஓவியங்களைப் பார்த்தேன். பெரிய கான்வாஸில் ரோஸையும் மஞ்சளையும் அப்பியிருக்கிறார். புள்ளியும் இல்லை, கங்காருவும் இல்லை. 80 வயதுக்கு மேல் அக்ரிலிக்கில் வரைய ஆரம்பித்தவராம். இது எப்படி மரபுக் கலை? என் மகளின் பள்ளியில் கற்றுத்தரும் புள்ளி ஓவியம்தான் எனக்கு அசலாகப் படுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

கொஞ்ச நாளாக நானும் கபோரியின் படங்களோடுதான் இருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். அக்ரிலிக்கை விடுங்கள், சாயத்தை எந்தக் கடையில் வாங்கினால் என்ன?

புள்ளிக்கு வருவோம். நீங்கள் தேடுவது மத்தியப் பாலைவனத்து மக்களின் ஓவியம். மணலிலும் உடம்பிலும் வரைந்துவந்த வடிவங்களை 1971இல் பப்புன்யா என்ற குடியிருப்பில் பலகையில் தீட்டத் தொடங்கினார்கள். வெளியாள் பார்க்கக் கூடாத சடங்கு வடிவங்களை மூடவும் பிறகு புள்ளிகள் பயன்பட்டன. கபோரி வடக்கே கார்ப்பென்டாரியா வளைகுடாவில், பென்டிங்க் தீவில் பிறந்த கயாடில்ட் இனப் பெண். கடல்காரி. அவர் எதற்குப் புள்ளி வைக்க வேண்டும்? நூற்றுக்கணக்கான இனங்களுக்கு ஒரே சீருடையை மாட்டிவிட்டு, போடாதவரை அசல் இல்லை என்கிறீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன், இது அவமதிப்பு.

கயாடில்ட் மக்களுக்குப் படம் எழுதும் வழக்கமே இருந்ததில்லை. அவர்களுக்கு இருந்தது கடற்கரை. கரையோரம் கல்லை அடுக்கிச் சுவர் கட்டுவார்கள். கடல் ஏறும்போது மீன் உள்ளே வரும், வற்றும்போது மாட்டிக்கொள்ளும். சரிந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கபோரி அதைச் செய்து வளர்ந்தவர். 1948இல் புயலில் கடல் பொங்கி நன்னீரில் உப்பு ஏறியது. மிஷனரிகள் எல்லோரையும் மார்னிங்டன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகளைப் பிரித்து விடுதியில் வைத்தார்கள். மொழி அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை.

2005இல் அங்கிருந்த கலை மையத்தில் அவர் கையில் தூரிகை வந்தது. 2015இல் இறப்பதற்குள் 2000க்கும் மேற்பட்ட ஓவியங்கள்! துண்டி என்ற இடம் அப்பாவின் மண். டிபிர்டிபி கணவருடையது. இந்த இடங்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு நிறம் காயும் முன்பே அடுத்ததை இழுத்துவிடுவார். வெள்ளைக்குள் ரோஸ் கலங்கி ஓடுவதைக் கிட்டே போய்ப் பாருங்கள், ஆழம் குறைந்த கடல் அப்படித்தான் இருக்கும். கரையின் ஒவ்வொரு வளைவும் யாருடையது, எங்கே மீன் விழும் என்று தெரிந்த ஒருத்தி, அந்தக் கரையை விட்டு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலான பிறகு வரைந்தது அது. இதைவிட மரபு என்ன வேண்டும் உங்களுக்கு?

ஆனாலும் அந்தப் படத்தின் முன்னால் நின்று குழம்பி, கேட்டு எழுதினீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பலர் நிற்கவே மாட்டார்கள்.

புத்தகம் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். அடுத்த விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும். பென்டிங்க் தீவு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் அவளையே தேடச் சொல்லுங்கள்.